மூன்றாம் நாள் மஞ்சள்

பிறந்த அன்று குழந்தையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. எல்லோரும் ஜாடை பார்ப்பதில் மும்முரமாக இருக்கிறார்கள். மூக்கு அப்பா வழி, காது தாத்தா வழி என்று ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிகிறது. பயம் வருவது மூன்றாம் நாள். முகம் மஞ்சளிக்கிறது. எடை போட்டால் பிறந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. இடுப்புக்குக் கீழே, யாரோ அடித்துக் கன்றிப்போன மாதிரி நீலத் திட்டு. மார்பு இரண்டும் வீங்கியிருக்கின்றன. பெண் குழந்தையானால் துணியில் துளி ரத்தம். இரவில் உற்றுப் பார்த்தால் மூச்சு சில நொடிகள் நின்றேவிடுகிறது. பிறகு விட்டதைப் பிடிப்பதுபோல் வேகமாக ஓடுகிறது.

இவை அனைத்தும் நலமாகப் பிறந்த குழந்தைக்கு வரக்கூடியவை. இவற்றில் ஒன்றிரண்டு, சற்றே நேரம் மாறியோ அளவு மாறியோ வந்தால், உயிரைக் கொண்டுபோகக்கூடியவை. கோடு எங்கே என்று தெரிந்த ஒருவர் அப்போது பக்கத்தில் வேண்டும். அவர் பெரும்பாலும் செவிலியர்தான். ஆனால் மூன்றாம் நாள் குழந்தை இருக்கும் இடத்தில் அவர் இருப்பதில்லை.

சுகப்பிரசவம் என்றால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். மஞ்சள் உச்சத்துக்கு ஏறுவதோ மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். ஆக, திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டிலை அடுத்தவருக்குத் தயார் செய்துகொண்டிருக்கும் நேரத்தில், ஸ்ரீரங்கத்தில் ஏதோ ஒரு வீட்டில் குழந்தை நிறம் மாறத் தொடங்குகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நடந்தவை. கவலைப்பட வேண்டிய எண்தான். யாரும் திட்டமிடாத ஒரே நன்மை, அந்தத் தாய்மார்கள் கூடுதலாகச் சில நாள் தங்குவதால் பிள்ளையின் மஞ்சள் வார்டிலேயே கண்ணில் பட்டுவிடுகிறது.

செவிலியர் ஒரு குழந்தையை எப்படிப் பார்க்கிறார் என்பதை நின்று கவனித்தவர்கள் குறைவு. பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். நல்ல செவிலியர் முதலில் தொடுவதில்லை. குழந்தை தூங்கினால் தூங்கட்டும் என்று விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் துணியை விலக்கிப் பார்க்கிறார். கை கால் மடங்கியிருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா? உதடு சிவப்பா, நீலமா? மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுகிறார். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால், குழந்தை மூச்சை நிறுத்திவைத்திருந்த நொடிகள் கணக்கையே கெடுத்துவிடும். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை சரி. 60-ஐத் தாண்டினால் மறுபடி எண்ணுகிறார். அப்போதும் தாண்டினால் முகம் மாறாமல் எழுந்துபோய் டாக்டரைக் கூப்பிடுகிறார்.

அதன் பிறகுதான் கை வைக்கிறார். உச்சிக்குழி மேடாக இருக்கிறதா, பள்ளமாகவா? வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு அண்ணத்தைத் தடவுகிறார். பிளவு உள்ளே ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். குழந்தை விரலைச் சப்பும் வலுவும் அந்த ஒரு தடவலில் தெரிந்துவிடுகிறது. அடுத்து தொப்புள்கொடி, முதுகெலும்பு நெடுக, மலவாய் திறந்திருக்கிறதா என்பது. முதல் நாளுக்குள் கருமலம் போனதா, இரண்டு நாளுக்குள் சிறுநீர் போனதா என்ற கேள்விகள். இடுப்பு மூட்டை மடக்கி விரித்துப் பார்ப்பது கடைசியில். அதைச் செய்தால் எந்தக் குழந்தையும் அழும், அழுத பிறகு இதயத் துடிப்பையோ மூச்சையோ சரியாக எண்ண முடியாது. விரல்களையும் எண்ணுகிறார். அதை மட்டும் அவருக்கு முன்பே தாய் எண்ணி முடித்திருப்பாள்.

பார்த்ததைத் தாளில் எழுதும்போதுதான் நம் ஊர் அப்பாக்களுக்குப் பிரச்சினை ஆரம்பமாகிறது. டிஸ்சார்ஜ் தாளில் அப்கார் 8/10, 9/10 என்று இருக்கும். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் 1952-ல் வகுத்து 1953-ல் வெளியிட்ட முறை அது. நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மதிப்பெண். முதல் நிமிடத்தில் ஒருமுறை, ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை. அந்த முறை வருவதற்கு முன், பிறந்த நொடியில் எல்லோருடைய கண்ணும் தாய் மேல் இருந்தது. நீலம் பாய்ந்து சோர்ந்து கிடக்கும் சிசுவை ஒரு ஓரமாக விட்டுவிடுவதும் நடந்தது. ஐந்தே கேள்விகளால் எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்ப வைத்தார் அப்கார். குழந்தைக்கு உடனே உதவி வேண்டுமா என்பதைச் சொல்லும் எண் அது. பிற்கால அறிவைச் சொல்வதல்ல. பிறந்த ஒரு நிமிடத்தில் கையும் காலும் நீலமாகவே இருக்கும் என்பதால் அநேகமாக எந்தக் குழந்தையும் பத்துக்குப் பத்து வாங்குவதில்லை. ஆனாலும் “அந்த ஒரு மார்க் எங்கே போச்சு சிஸ்டர்?” என்ற கேள்வி வருகிறது. பிறந்த முதல் நிமிடத்திலேயே சென்டம் நழுவிய வருத்தம். பள்ளியும் பயிற்சி மையமும் இத்தனை நிறைந்த ஊரில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மஞ்சளுக்கு வருகிறேன். வயிற்றுக்குள் இருந்தபோது தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் பிறந்த பிறகு உடைகின்றன. உடைந்ததில் வரும் பிலிருபினைக் கழித்துக்கட்டக் குழந்தையின் கல்லீரலுக்குச் சில நாள் பழக்கம் வேண்டும். அதுவரை தோல் மஞ்சளாக இருக்கும். முகத்தில் தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று கீழே இறங்கும். பெரும்பாலும் பால் நன்றாகக் குடித்து, மலம் நன்றாகப் போனால் தானே வடிந்துவிடும். ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அது வேறு கதை. பிலிருபின் அளவு மீறி மூளைக்குப் போனால் காது கேளாமை, உடல் இயக்கக் கோளாறு, சில சமயம் மரணம். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் கண்ணால் அளவிடுவது எளிதில்லை. தோலை விரலால் அழுத்தி எடுத்து, வெளிறும் இடத்தில் நிறம் பார்க்க வேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில். சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனைதான்.

இப்போது இதில் இன்னொரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன அப்பாக்கள் பிள்ளையை முதலில் பார்ப்பது வீடியோ காலில்தான். இரவு எட்டு மணிக்கு, குண்டு பல்பு வெளிச்சத்தில், போன் கேமராவில் எந்தக் குழந்தைதான் மஞ்சளாகத் தெரியாது? அங்கே ஒருவர் பதற, இங்கே பத்துப் பேர் பதறுகிறார்கள். இதற்கு நேர்மாறான வீடும் உண்டு: நிஜமாகவே மஞ்சளித்த குழந்தையை, “எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான், வெயில்ல காட்டு” என்று சொல்லி வாரக் கணக்கில் திண்ணையில் வைத்திருக்கும் வீடு.

அந்த வெயிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் ஒரு செவிலியருடைய வரலாறு. 1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் ஜீன் வார்டு. இன்குபேட்டரின் புழுக்கத்தைவிட நல்ல காற்றும் வெயிலும் மேல் என்பது அவருடைய நம்பிக்கை. வெயில் அடித்தால் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப்போவார். ஒருநாள் டாக்டர்கள் சுற்றிவரும்போது ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பு வெளிறியிருக்க, ஒரு முக்கோணம் மட்டும் அடர்மஞ்சளாக இருந்தது. மருந்து ஏதாவது தடவினீர்களா என்று கேட்டார்கள். துணியின் முனை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் தெளிந்திருந்தது. அங்கிருந்துதான் ஒளி சிகிச்சை பிறந்தது. 1958-ல் ‘லான்செட்’ இதழில் கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் மூவரும் கட்டுரை எழுதினார்கள். குழந்தையைத் தினமும் துணி விலக்கிப் பார்த்தவர் அந்த மூவரில் இல்லை.

இதைக் கேட்டுவிட்டுக் குழந்தையைத் திருச்சி வெயிலில் கிடத்திவிடக் கூடாது. ரோச்ஃபோர்டு வெயில் வேறு, நம்முடையது வேறு. நேர்வெயிலில் பிஞ்சுத் தோல் கருகும், உடம்பில் நீர் வற்றும், நீர் வற்றினால் மஞ்சள் இன்னும் ஏறும். ஒளி சிகிச்சைக்குத் தேவை குறிப்பிட்ட நீல ஒளி, குறிப்பிட்ட தூரம், கண்ணுக்குக் கட்டு, அருகில் அளந்து பார்க்க ஒருவர். வீட்டு டியூப்லைட்டுக்கு அந்தத் தகுதி இல்லை.

திருச்சியில் இதையெல்லாம் பேசும்போது மலைமேல் இருப்பவரை விட்டுவிட முடியாது. மலைக்கோட்டைத் தாயுமானவர் பிரசவம் பார்த்த கடவுள். காவிரியில் வெள்ளம், பூம்புகாரிலிருந்து வர வேண்டிய தாய் அக்கரையில் நின்றுவிட்டாள், இக்கரையில் மகள் ரத்னாவதிக்கு வலி எடுத்துவிட்டது. சிவன் தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தார் என்பது தலபுராணம். இன்றும் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் செலுத்துகிறார்கள். கதையில் எல்லோரும் பிரசவத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. குழந்தை பிறந்ததும் அவர் மறைந்துவிடவில்லை. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை பிள்ளைக்காரியின் கூடவே இருந்தார். பிரசவம் முடிந்ததும் போயிருந்தால் அவருக்கு வேறு பெயர் வந்திருக்கும். இருந்ததால்தான் தாயும் ஆனவர். அக்கரை ஸ்ரீரங்கத்தில், கோவிலுக்குள்ளேயே ஆரோக்கியசாலை நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரிக்கு இன்றும் சந்நிதி உண்டு. ஆற்றின் இரு கரையிலும் மருத்துவத்தைத் தெய்வமாக வைத்த ஊர், குழந்தை பிறந்த மூன்றாம் நாளை மட்டும் யார் கையிலும் ஒப்படைக்காமல் விட்டிருக்கிறது.

யார் கையிலும் என்றால் பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். மூன்றாம் நாள் வீட்டில் இருப்பவர் பாட்டி. காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டும்போது அவர் செய்வதும் ஒரு பரிசோதனையே. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டால் பிள்ளைக்குப் பால் போதவில்லை என்று அவர் சொல்வதை மருத்துவப் புத்தகமும் ஒப்புக்கொள்ளும். பழைய வேட்டித் துணி, எண்ணெய் தடவுவது, பச்சை உடம்புக்காரியை வேலை செய்ய விடாதது, எல்லாம் நல்லவை. ஆனால் வீங்கிய மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது சீழ்க்கட்டியில் முடியும். அது தாயின் ஹார்மோன் செய்யும் வேலை, தானே அடங்கிவிடும். மூக்கில் ஊதுவது, எண்ணெய் விடுவது, சீம்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பது, கண்ணுக்கு மை, இவை எல்லாம் வேண்டாதவை. டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழந்துணியை அப்படியே சுற்றுவதும் அப்படித்தான். ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளைக் கட்டுமீற வைக்கும். துவைத்து வெயிலில் காயவைத்த துணி போதும்.

இதைப் பாட்டியிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது? “இதெல்லாம் செய்யக் கூடாது, தெரியாதா?” என்று வார்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டால், பாட்டி தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் செய்வார். “அம்மா, நீங்க நாலு புள்ள வளத்தவங்க. இந்த மாரு வீக்கம் மட்டும் கை வைக்காம விட்டுடுங்க, ரெண்டு வாரத்துல வத்திடும். வத்தலைன்னா என்கிட்ட கொண்டு வாங்க” என்று சொன்ன ஒரு சிஸ்டரை நான் கேட்டிருக்கிறேன். மூன்று வாக்கியம். முதலாவதில் மரியாதை, இரண்டாவதில் கெடு, மூன்றாவதில் தன் பொறுப்பு.

ஆறுதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வது வேறொரு சரக்கு. பார்க்காமலே “ஒண்ணுமில்லம்மா, போங்க” என்பது. சொல்பவருக்கும் நேரம் மிச்சம், கேட்பவருக்கும் அந்த நிமிடத்துக்கு நிம்மதி. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய செவிலியர் பணி பற்றிய நூலில், நோயாளியிடம் வெறும் நம்பிக்கையும் அறிவுரையும் வாய்க்கு வந்தபடி அள்ளிவிடுபவர்களைச் சாடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அவர் சாடியது பெரும்பாலும் பார்க்க வரும் உறவினர்களையும் நண்பர்களையும். நாம் முன்னேறியிருக்கிறோம்; இப்போது அதைச் சீருடையிலும் கேட்கலாம்.

பார்த்துவிட்டுச் சொல்லும் ஆறுதலை உடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். அதில் விவரம் இருக்கும். “மஞ்சள் மார்போட நிக்குது, கால்ல இல்ல. எடை குறைஞ்சது பத்துல ஒரு பங்குக்குள்ளதான், ரெண்டு வாரத்துல திரும்ப ஏறிடும். பால் நல்லா இழுக்குது. ராத்திரி பால் குடிக்காம தூங்கிட்டே இருந்தாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க.” இதைக் கேட்ட அம்மாவுக்குப் பயம் போய்விடாது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிடும். அதுவே போதும்.

சில நாள் செவிலியரால் இதைச் சொல்ல முடியாமல் போகும். குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்வார். தாய்க்கு அது உடனே புரியும். அந்த நேரத்தில் “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, “மூச்சு வேகமா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டப் போறேன், நீங்களும் வாங்க” என்று சொல்வது கடினம். பொய் சொல்லாமல் பயமுறுத்தாமல் இருப்பதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் செய்முறைத் தேர்வு கிடையாது. குழந்தையைக் காட்டுவதற்கே ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று கை நீட்டும் வாசல்களைத் தாண்டி வந்தவர்களிடம் உண்மை பேசி நம்பவைப்பது இன்னும் கடினம்.

அதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்று செவிலியர்கள் கேட்பார்கள். பதில் இல்லாத கேள்வி. கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. நம் பிரசவ வார்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் சிரிப்பை வரவழைக்கும். கணக்கிலேயே இன்னொரு ஓட்டை. கட்டில் என்றால் தாய். அவள் பக்கத்தில் படுத்திருக்கும், நலமாகப் பிறந்த குழந்தை பொதுவாகப் படுக்கைக் கணக்கில் வராது. நோயாளியானால்தான் அது ஆளாகும். இருபது கட்டில் உள்ள வார்டில் நாற்பது உயிர் இருக்கிறது என்பது செவிலியருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது.

இந்தச் செவிலியர்களில் பலரைத் தமிழ்நாடு 2015-ல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்கு எடுத்தது. 2017 நவம்பரில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னை மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டின் சிசு மரணம் 2020 கணக்கில் ஆயிரத்துக்கு 13, இந்தியாவுக்கு 28. இந்த வித்தியாசத்தை மேடைகளில் சொல்லாத அரசு இருந்ததில்லை. அந்த 13-க்குப் பின்னால் நின்றவர்கள் தங்களுடைய அடுத்த ஆண்டைப் பற்றி யாரிடமாவது ஆறுதல் கேட்க வேண்டியிருந்தது.

பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தாலும் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குச் சென்று குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று 2011 முதல் தேசியத் திட்டம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு சந்திப்பு வேண்டும் என்கிறது. தாளில் மூன்றாம் நாள் இருக்கிறது. கிராமத்தில் சுகாதார செவிலியர் அதைப் பெரும்பாடு பட்டுக் காப்பாற்றுகிறார். தனியார் மருத்துவமனையில் பிரசவமாகி நகரத்து அடுக்ககத்துக்கு வந்த குழந்தையின் வீட்டுக் கதவைத்தான் யாரும் தட்டுவதில்லை. தட்டினாலும் “எங்களுக்கு டாக்டர் இருக்கார்” என்று திருப்பி அனுப்பும் வீடுகள் உண்டு.

அரசு செய்ய வேண்டியது ஒன்று: பிரசவ வார்டில் தாய்க்கு ஓர் எண், சேய்க்கு ஓர் எண் என்று எழுதி, அந்தக் கூட்டுத்தொகைக்குச் செவிலியரை நியமிக்க வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும். உங்கள் வீட்டில் இப்போது குழந்தை பிறந்திருந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன் சிஸ்டரை ஒரு நிமிடம் நிறுத்தி, எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு, பாட்டிக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் காலையில், ஜாடை பார்க்க வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் குழந்தையைக் கிடத்தித் துணியை விலக்கிப் பாருங்கள். உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் அன்றே எடுத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை குழந்தைக்குக் கட்டணம் கிடையாது. ராத்திரி சந்தேகம் வந்தால் 104-க்குக் கூப்பிடலாம், அவசரம் என்றால் 108. இரண்டும் இலவசம்.